எண்பதில் வரும் நடுக்கம்

மாரண்டஹள்ளியில் பட்டறை கட்டினேன். கூரை போட ஆள் வராதபோது நானே ஏறித் தகரம் அடித்தேன். சேலத்தில் மூடிப்போன ஒரு மில்லிலிருந்து இரும்பு கடையும் லேத் மிஷினை டிராக்டரில் ஏற்றி வந்து நிறுத்தினேன். அதை ஓட்ட ஒருத்தரும் சொல்லித்தரவில்லை, இரும்பே சொல்லித்தந்தது. பாலக்கோடு தக்காளி மண்டிக்குப் போகும் வண்டிகளில் பாதி என் வெல்டிங் பட்டவை. பாறை என்று எல்லோரும் கைவிட்ட இடத்தில் கிணறு வெட்டினேன், தண்ணீர் வந்தது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. நான் அதை விடவில்லை. இன்றைக்கும் அதன் வாசலில் நிற்கும் இரும்பு கேட் நான் சும்மா செய்துகொடுத்தது.

கடைசியாக, கல்லாத்து மலைக்கு ஏறி இறங்கும் வேனைக் கட்டினேன்.

இத்தனையும் முதலிலேயே சொல்லிவைக்கக் காரணம் உண்டு. இந்த வாரம் உங்கள் பத்திரிகைக்கு நான் எழுதப்போவது முழுக்கப் பயத்தைப் பற்றி. முனியப்பன் பயந்தாங்கொள்ளி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

வேனின் தரையில் குப்புறப் படுத்திருக்கிறேன். ரப்பர் விரிப்பைச் சுருட்டித் தள்ளிவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் வெறும் தகரத்தில் பதித்திருக்கிறேன். புதிதாகப் போட்ட நாலுவழிச் சாலையில் வண்டி தர்மபுரி பக்கம் போகிறது. டிரைவர் கோவிந்தன் வேக முள்ளைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வருகிறான்.

"அறுபதுங்க மேஸ்திரி."

தகரம் சும்மா இருக்கிறது.

"எழுபதுங்க."

எங்கேயோ ஒரு தேனீ.

"எண்பதுங்க."

கையில் ஏறி, முழங்கையில் ஏறி, கடைவாய்ப் பல்லில் வந்து உட்கார்ந்தது அந்த நடுக்கம். சன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. பின்சீட்டில் யாரோ "முருகா" என்றார்கள். என் தலைக்குப் பக்கத்தில் ரப்பர் செருப்புப் போட்ட இரண்டு கால்கள். என் அக்கா காவேரியம்மாளின் கால்கள். உப்பிப்போய், விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

"ஏண்டா முனியா, வண்டி பாக்கறியா, சாமி கும்புடறியா?" என்றாள்.

இரண்டும்தான் செய்துகொண்டிருந்தேன்.

நாலு சக்கரமும் இழுக்கும்

அக்காவைக் கல்லாத்து மலைக்குக் கட்டிக்கொடுத்தபோது அந்த ஊருக்குக் கழுதைப் பாதைதான். பிறகு மண் ரோடு வந்தது. மழை பெய்தால் அந்த மண் எண்ணெய் மாதிரி ஆகிவிடும். பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி பாதி ஏற்றத்தில் பின்னாலேயே சறுக்கிக்கொண்டு வரும்.

அக்காவுக்குக் கிட்னி போனது. அந்த மலையில் இன்னும் சிலருக்கும் அப்படித்தான். வாரம் மூன்று நாள் தர்மபுரிக்குப் போய் மிஷினில் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். ஆரம்பத்தில் அடிவாரம் வரை கட்டிலில் வைத்துத் தூக்கிவந்தார்கள். கீழே என் வீட்டிலேயே இருந்துகொள் என்று அக்காவைக் கூப்பிட்டுப் பார்த்தேன்.

"உன் மாடி வூட்ல நான் காக்கா வெரட்டிட்டு ஒக்காந்திருக்கணுமா? என் மாட்டை யாரு பாப்பா?" என்றாள்.

அதனால்தான் ஏலத்தில் ஒரு வேனை எடுத்தேன். நாலு சக்கரமும் எந்நேரமும் இழுக்கும் வகை. இஞ்சினின் பலத்தை நடுவில் ஒரு பல்சக்கரப் பெட்டி வாங்கி, பின்னுக்கு ஒரு உருளைத் தண்டும் முன்னுக்கு ஒரு உருளைத் தண்டுமாகப் பிரித்து அனுப்பும். அந்தத் தண்டுக்கு நாங்கள் சொல்வது சாப்ட். மலையூர்க் கமிட்டி டீசலுக்கும் டிரைவருக்கும் பொறுப்பேற்றது. பாடி, சீட்டு, படி, சாய்ந்து படுக்கும் பெஞ்சு எல்லாம் என் கை.

பழைய ரோட்டில் அது தங்கமாக ஓடியது. குழியும் வேகத்தடையுமாக இருந்த ரோட்டில் ஐம்பதைத் தாண்டினால்தானே கோளாறு தெரியும்? நாலுவழிச் சாலை திறந்த பிறகுதான் கோவிந்தன் ஒரு நாள் பட்டறைக்கு வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"மேஸ்திரி, எண்பதுல போனா வண்டிக்குக் குளிர் ஜுரம் வருதுங்க."

அக்காவின் கை

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். மிஷினில் ரத்தம் எடுத்துவிடுவதற்காக, கையில் இரண்டு ரத்தக் குழாய்களை ஒன்றாக இணைத்துத் தைத்திருப்பார்கள். அந்த இடம் கயிறு முறுக்கினதுபோலப் புடைத்திருக்கும். தொட்டால் உள்ளே கொர்ர்ரென்று ஓடும். அந்த ஓட்டம் நின்றுவிட்டால் ரத்தம் கட்டிவிட்டது என்று அர்த்தம். தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

அக்காவுக்கு இடது கையில் செய்தது முன்பே கெட்டுப்போய்விட்டது. இருந்தது வலது கை ஒன்றுதான். அதுவும் போனால் கழுத்தில் குழாய் சொருக வேண்டும், அவள் உடம்புக்கு அது ரொம்ப நாள் தாங்காது என்று நர்ஸம்மா என்னைத் தனியாக வெளியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

விடியற்காலையில் மாட்டுக்குத் தீனி போட்டுவிட்டு ஓடிவந்து வேனில் ஏறுகிறவள் அக்கா. ஏறி உட்கார்ந்த பிறகுதான் கையைத் தொட்டுப் பார்ப்பாள். ஒரு தடவை என் கையையும் இழுத்து வைத்தாள்.

"பாரு, உன் லேத் மிஷினாட்டம் ஓடுது. ஆயில் கூட ஊத்த வேணாம்."

நான் தொட்டவுடன் கையை எடுத்துவிட்டேன். இரும்புக்குள் ஓடுவது எனக்குப் பழக்கம். சதைக்குள் ஓடுவது பழக்கமில்லை.

தொப்பூரில் பார்த்தது

வண்டி கொஞ்சம் நடுங்கினால் என்ன, போய்ச் சேர்ந்தால் போதாதா என்று கமிட்டித் தலைவர் கேட்டார். அவர் பார்க்காததை நான் பார்த்திருக்கிறேன்.

மீசை முளைக்கிற வயதில் லாரியில் கிளீனராக இருந்தேன். தொப்பூர் இறக்கத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு ஜீப் போய்க்கொண்டிருந்தது. அதன் முன்பக்கச் சாப்ட் அறுந்து, நுனி தார் ரோட்டில் குத்தியது. ஓடுகிறவன் கையிலிருக்கும் கோல் தரையில் ஊன்றிக்கொண்டால் அவனை எப்படித் தூக்கி எறியும்? அப்படி அந்த ஜீப் பின்பக்கமாக எழுந்து, ஒரு கணம் நின்று, மல்லாந்தது. சத்தம் எனக்கு ஞாபகமில்லை. அதற்குப் பிறகு உருண்டு வந்த ஒரு டிபன் கேரியர், எங்கள் லாரியின் சக்கரத்தில் முட்டி நின்றதுதான் ஞாபகம்.

அதனால் வேனின் தரையில் கை வைத்துப் படுத்திருந்தபோது, என் உள்ளங்கைக்குக் கீழே ஒரு முழத்தில் என்ன சுழல்கிறது என்பது எனக்குத் தெரியும். மேலே சீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் தெரியும்.

மெதுவாகப் போகலாமே என்பீர்கள். போனோம். ஐம்பதில் ஓட்டச் சொன்னேன். பின்னால் வந்த கண்டெய்னர் லாரி ஒன்று ஹாரனை அழுத்தியபடி எங்கள் முதுகு வரை வந்து ஒதுங்கிப் போனது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் ஷிப்டுக்கான மிஷினில் வேறு ஆளைப் படுக்க வைத்துவிட்டார்கள். மாலையில்தான் இடம் கிடைத்தது, அதுவும் அரைகுறை நேரத்துக்கு. அன்றைக்கு அக்காவால் மல்லாந்து படுக்க முடியவில்லை. மூச்சு மேலே மேலே இழுத்தது.

வேகமாகப் போனால் வண்டி போகும். மெதுவாகப் போனால் ஆள் போகும். வண்டியை நிறுத்தினால் எல்லோரும் போவார்கள்.

தேடல்

தர்மபுரியில் கம்ப்யூட்டர் வைத்த டயர்க் கடைக்காரர் நாலு சக்கரத்தையும் சுற்றிவிட்டு, வீல் பேலன்ஸ் என்று விளிம்பில் ஈயத் துண்டுகளை ஒட்டினார்.

"இனிமே கண்ணாடி மேல போற மாதிரி போவும் பெரியவரே."

நடுக்கம் அப்படியே இருந்தது. டயர்களை முன்னுக்குப் பின் மாற்றினேன். மாறவில்லை. ஸ்டீயரிங் ஆடவில்லை, தரைதான் நடுங்கியது. அப்படியென்றால் முன்சக்கரம் இல்லை. எண்பதில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, இஞ்சினை அடக்கி, வண்டியைச் சும்மா உருளவிட்டேன். அப்போதும் நடுங்கியது, அப்படியென்றால் இஞ்சின் இல்லை. சக்கர வேகத்தோடு சுற்றுகிற ஏதோ ஒன்று. கை வைத்த இடத்தில் முன்சீட்டுக்கு அடியில்தான் உக்கிரம்.

முன்பக்கச் சாப்ட்டை இறக்கினேன். நடுப்பெட்டியைப் பூட்டும் லீவர் ஒன்று உண்டு. அதைப் போட்டால் பின்சக்கரம் மட்டும் இழுக்கும். அப்படி ஓட்டினேன். எண்பது, எண்பத்தைந்து. தொட்டில் மாதிரி போனது.

குற்றவாளி கிடைத்துவிட்டான் என்றுதானே நினைப்பீர்கள்? அந்தச் சாப்ட்டை லேத்தில் மாட்டிச் சுற்றினேன். மயிரிழை வளைவு இல்லை. இரண்டு முனையிலும் இருக்கும் மூட்டுகளில் ஆட்டம் இல்லை. நல்ல சாப்ட். ஆனால் வண்டியில் மாட்டினால் பேய் பிடிக்கிறது. கண்ணுக்குத் தெரிந்த உடைசல் என்றால் நான் பயப்பட மாட்டேன், வெல்டிங் அடித்துவிட்டுப் போவேன். நன்றாக இருக்கிற பொருள் கொல்லப் பார்க்கிறது என்றால் எங்கே போய் அடிப்பது?

சாப்ட் இல்லாமல் மலை ஏற முடியாது. சாப்ட்டோடு ஹைவேயில் போக முடியாது. அதற்கும் ஒரு வழி கட்டினேன். இறங்கும்போது அடிவாரப் புளியமரத்தடியில் கழற்றுவது, திரும்பும்போது மாட்டுவது. முழு நீளத்தில் வேனுக்குள் வைத்தால் காலில் இடித்தது. நடுவில் பல்வைத்த குழாயும் கம்பியுமாக ஒன்றுக்குள் ஒன்று நுழையும் அமைப்புதான் அது. உருவி இரண்டு துண்டாக்கிச் சீட்டுக்கு அடியில் தள்ளினோம். நானும் கோவிந்தனும் சேற்றில் படுத்துக் கழற்றுவதை வேனில் இருந்தவர்கள் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"பொணத்தைக் கூடக் கால்மணி நேரத்துல எடுத்துடுவாங்கடா. நீ என்னடான்னா தெனம் கருமாதி பண்ணிக்கிட்டிருக்கே" என்பாள் அக்கா. சிரிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

ஒரு நாள் விடியலில் மழை கொட்டியது. அடிவாரத்தில் முட்டி அளவு தண்ணீர். படுக்க வழியில்லை. கழற்றாமலே போனோம். அன்றைக்கு அறுபதிலேயே பிடித்துக்கொண்டது. முன்பு பல்லில் ஏறியது அன்றைக்கு நெஞ்சில் ஏறியது. மேலே மாட்டியிருந்த சாமி படம் கழன்று கோவிந்தன் மடியில் விழுந்தது. அவன் பிரேக்கை மிதித்து ஓரங்கட்டிவிட்டு ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"நான் புள்ளக்குட்டிக்காரனுங்க மேஸ்திரி. இனிமே என்னால ஆவாதுங்க."

மழையில் ரோட்டோரம் நின்றேன். அதே சாப்ட். அதே போல்ட்டு. அதே டயர். ஏன் முன்பு ஒரு மாதிரி, இன்றைக்கு இவ்வளவு மோசம்? மாறியது ஒன்றே ஒன்றுதான். போன தடவை திரும்பும்போது அவசரத்தில் அந்த இரண்டு துண்டையும் நாங்கள் நுழைத்த விதம்.

மண்டைக்குள் வெளிச்சம் போட்டது.

பூசைப் பெயிண்ட்

அன்று மெல்ல உருட்டிப் போய்வந்த கையோடு சாப்ட்டை இறக்கிப் பட்டறையில் வைத்தேன். உப்புத்தாள் எடுத்து, இரண்டு துண்டும் சேரும் கழுத்தைத் தேய்த்தேன்.

எங்கள் பக்கம் ஆயுதபூசை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். மற்றவர்கள் வண்டியின் மூஞ்சியைக் கழுவி மாலை போடுவார்கள். நான் அடிவயிறு வரைக்கும் கழற்றிக் கழுவி, கிரீஸ் வைத்து, சேஸிக்கும் சாப்ட்டுக்கும் கறுப்புப் பெயிண்ட் அடித்து, அதன் மேல் சந்தனப் பொட்டு வைத்துத்தான் படையல் போடுவேன். என் பட்டறை வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தாலும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கும். ஊரே அதைப் பேசும்.

வருடா வருடம் ஏறின அந்தப் பூசைப் பெயிண்ட்டுக்கு அடியில், தேய்க்கத் தேய்க்க, ஒரு துண்டில் ஓர் அம்புக்குறி வெளிவந்தது. இன்னொரு துண்டில் இன்னோர் அம்புக்குறி. செய்தவன் வெட்டிவைத்த அடையாளம். இரண்டு அம்பும் நேருக்கு நேர் பார்க்கும்படி நுழைத்தால்தான் இரண்டு முனை மூட்டுகளும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுத்துச் சுற்றும். ஒரு பல் தள்ளி நுழைத்தாலும் ஒன்று இழுக்க ஒன்று தள்ளும். மெதுவாகப் போனால் தெரியாது. வேகத்தில் வண்டியையே உதறும். பெயிண்ட் மூடியிருந்ததால், பூசைக்கும் சரி, புளியமரத்தடியிலும் சரி, கழற்றி மாட்டின ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டு நுழைத்திருக்கிறோம்.

கம்ப்யூட்டர் பார்க்காததை என் உப்புத்தாள் பார்த்தது. அம்பை அம்புக்கு நேர் வைத்து மாட்டி, போல்ட்டை முறுக்கினேன்.

வண்டி அடங்கிய காலை

முதலில் யாரையும் ஏற்றாமல் ஓட்டிப் பார்க்கவே நினைத்தேன். அதற்குள் அடுத்த மிஷின் நாள் வந்துவிட்டது. மலையிலிருந்து கூட்டிவந்து அடிவாரத்தில் எல்லோரையும் இறங்கச் சொன்னேன், அக்கா மறுபடி வந்து படியில் கால் வைத்துவிட்டாள்.

"யக்கா, வேணாம். இன்னிக்கு மொதல்ல நான் போயிட்டு வர்றேன்."

"நீ செத்து நான் பொழைக்கணுமா? ஒதுங்குடா."

கோவிந்தனைக் கெஞ்சிக் கூட்டிவந்திருந்தேன். மற்றவர்களும் அக்கா பின்னாலேயே ஏறிக்கொள்ள, சாலைக்கு வந்தோம். நான் தரையில் படுத்தேன். எழுபது. எண்பது. தொண்ணூறு. தகரம் குளிர்ந்து, அசையாமல் கிடந்தது. எழுந்து உட்கார்ந்து பெருமையாக அக்காவைப் பார்த்தேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விரலைக் கொஞ்சம் மேலே வைத்தாள். கொஞ்சம் கீழே வைத்தாள். காதோரம் கொண்டுபோய் வைத்துக் கேட்டாள்.

"முனியா, இங்க தொடு."

தொட்டேன். புடைப்பு இருந்தது. உள்ளே ஒன்றும் ஓடவில்லை.

"நேத்து இருந்துச்சா?"

"ராத்திரி படுக்கறப்ப இருந்துச்சு. இந்த வண்டி ஆட்டத்துல எது கை, எது வண்டின்னு எனக்கு வெளங்காமப் போச்சுடா. இப்ப வண்டி சும்மா இருக்குதா... அதான் தெரியுது."

அவள் அன்றைக்கு மட்டும் கிண்டல் செய்யவில்லை.

தர்மபுரியில் நர்ஸம்மா குழல் வைத்துக் கேட்டார். முகம் மாறியது. ரத்தம் கட்டியிருக்கிறது, எடுக்கும் வசதி இங்கே இல்லை, சேலம் போக வேண்டும், நேரம் ஆக ஆகக் கட்டி இறுகிவிடும் என்றார். ஆம்புலன்ஸ் வேறு கேஸுக்குப் போயிருந்தது. மற்றவர்களை அங்கே மிஷினில் விட்டுவிட்டு, அக்காவை அதே வேனில் பெஞ்சில் படுக்க வைத்தோம்.

"கோவிந்தா, போலாமா?"

அவன் சாவியைத் திருப்பினான்.

சேலம் போக ஒரே வழி. தொப்பூர் வழி. இறக்கம் வந்தபோது கோவிந்தன் கியரைக் குறைத்தான். முன்னால் லாரிகளின் வரிசை, பக்கத்தில் தடுப்புச்சுவர், அதில் பழைய உரசல்கள். நான் ஒரு கையை வேனின் தரையில் வைத்தேன். இன்னொரு கையை அக்காவின் கையில் வைத்தேன். தரை நடுங்கக் கூடாது என்று ஒரு வேண்டுதல். கை நடுங்க வேண்டும் என்று ஒரு வேண்டுதல். என் வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை. தரையும் நடுங்கவில்லை, அவள் கைக்குள்ளும் ஒன்றும் ஓடவில்லை.

"என்னடா இப்படி வேர்த்து ஊத்துது? வண்டி நல்லாத்தானே போவுது" என்றாள் அக்கா.

இறக்கம் முடிந்து சமதளம் வந்ததும் கோவிந்தன் மிதித்தான். எவ்வளவு என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சேலத்தில் கதவை மூடிக்கொண்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. எதையும் கழற்றிப் பார்க்க முடியாத இடம் அது. டாக்டர் வெளியே வந்தார், சின்ன வயசுக்காரர்.

"ஓடுதுங்க. கட்டி முழுசா இறுகறதுக்குள்ள வந்துட்டீங்க. சாயங்காலம் வந்திருந்தா இந்தக் கையை மறந்துட வேண்டியதுதான்."

உள்ளே போய்த் தொட்டுப் பார்த்தேன். கொர்ர்ரென்று ஓடியது. இந்தத் தடவை கையை எடுக்கவில்லை. அக்காதான், "போதும் விடுடா, வலிக்குது" என்றாள்.

ஆசிரியருக்கு

பிறகு மலையூர்க் கமிட்டி ஒரு பாராட்டுக் கூட்டம் போட்டது. டாக்டருக்குப் பொன்னாடை. சரி, ஞாயம். கோவிந்தனுக்குப் பொன்னாடை. அதுவும் ஞாயம். தலைவர் மைக்கைப் பிடித்து, வேனின் நடுக்கம் தர்மபுரியில் வீல் பேலன்ஸ் செய்ததில் சரியானது என்று பேசி, அந்த டயர்க் கடைக்காரருக்கும் ஒரு துண்டு போர்த்தினார். அவரும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டார். நான் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் பத்திரிகையின் மாவட்டச் செய்தியிலும் அப்படியே வந்திருக்கிறது.

அதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "நான் உசுரோட இருக்கேன். உனக்கு அது பத்தாதா?" என்றாள்.

பத்தாது. வேகத்தில் போகிற வண்டி ஏன் நடுங்கியது என்று கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால், கோவிந்தன் வண்டியைத் தொட்டிருக்கவே மாட்டான், அன்றைக்கு வேறு வண்டி தேடி அலைந்திருப்போம். சேலத்துக்குச் சாயங்காலம்தான் போய்ச் சேர்ந்திருப்போம். வண்டி அடங்காமல் இருந்திருந்தால் கை நின்றதே தெரிந்திருக்காது. இது என் வேலை. வேறு யாரும் இதைச் செய்யவில்லை.

ஆகவே திருத்தம் போடுங்கள். சாப்ட்டின் அம்பைக் கண்டுபிடித்து வண்டியைச் சரிசெய்தவர், மாரண்டஹள்ளி பட்டறை முனியப்பன் என்று முழுப் பெயரோடு வர வேண்டும். டாக்டர் பெயருக்குக் கீழே போடுங்கள், ஒப்புக்கொள்கிறேன். கோவிந்தனுக்குப் பக்கத்தில் போட்டாலும் சரி. டயர்க் கடைக்காரர் பெயருக்கு மேலே போட வேண்டும்.